வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை

பெற்றோர் வைத்த பெயர் அவனுக்கு ஒன்று உண்டு. அது பாஸ்போர்ட்டிலும் குடியேற்ற அலுவலகத்தின் கணினியிலும் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி வீட்டுக்கும் தெருவுக்கும் அவன் ஆம்புலன்ஸ்தான்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டாலும் அவனுக்குப் போன் வரும். பைக்கை உதைத்துக் கிளப்பிப் போய் நிற்பான். போனதும் ஸ்பேனரை எடுக்க மாட்டான். மூடிய கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பான். "சார், பயப்படாதீங்க, காத்து நல்லா வரும். கதவை மட்டும் நெம்பாதீங்க. நீங்களா வெளிய வரப் பார்த்தாதான் ஆபத்து. சும்மா நின்னா ஒண்ணும் ஆகாது." அந்தக் குரலைக் கேட்டதும் உள்ளே இருப்பவர்களுக்குப் பாதி உயிர் திரும்பிவிடும்.

வீட்டிலும் அதே உத்தியோகம்தான், சம்பளம் மட்டும் கிடையாது. மிக்ஸியில் புகை வந்தாலும், தங்கை குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திறக்கத் தெரியாமல் உள்ளேயே அழுதாலும், தங்கை புருஷன் வண்டிச் சாவியைச் சாக்கடையில் போட்டாலும் அம்மா வாசலுக்கு வந்து ஒரே குரலில் கத்துவாள்: "ஆம்புலன்ஸைக் கூப்பிடு!" ஒரு தடவை அப்பாவுக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது. அம்மா அதே மாதிரி கத்தினாள். தெருவே கூடி அவனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியது. அவன் வந்துதான் சக்கரம் வைத்த ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். நல்ல வேளை, அது வெறும் வாயுத் தொல்லை.

மனைவி கிடைத்ததும் இந்தத் தொழிலால்தான். உறவுக்காரர் வீட்டுக்கு விடுமுறையில் வந்திருந்தாள். பிறந்து வளர்ந்ததெல்லாம் வேறு நாடு. அங்கே பஸ் ஓட்டுகிற வேலை. நெரிசலான சாலையில் அத்தனை பெரிய வண்டியை அநாயாசமாக ஒடித்துத் திருப்புகிறவளுக்கு, துணிக்கடை லிஃப்ட் பாதியில் நின்றதும் கையும் காலும் ஓடவில்லை. கதவை உதைத்தாள்.

"மேடம், கதவை நெம்பாதீங்க. அது சரி, என்ன வாங்கினீங்க?"

"ஜன்னலுக்குத் திரைத் துணி. இப்ப அதா முக்கியம்?"

"என்ன கலர்?"

"பச்சை."

"பச்சையா? ரூமே இருட்டாயிடுமே."

கதவு திறந்தபோது இருவரும் அந்தப் பச்சையைப் பற்றிக் காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "குரலை வச்சே முடிவு பண்ணிட்டேன். முகத்தைப் பார்த்தப்போ ரொம்ப லேட்டு" என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

கல்யாணமானதும் விசிட்டர் விசாவில் அவளிடம் வந்து சேர்ந்தான். கணவனை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஸ்பான்சர் செய்வதாக அவள் மனுப் போட்டாள். முடிவு வரும்வரை அவனுக்கு இரண்டே கட்டுப்பாடு. ஒன்று, வேலை செய்யக் கூடாது. இரண்டு, நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொண்டு கோப்பை மூடிவிடுவார்கள். பிறகு எல்லாம் முதலிலிருந்து. அது முடியும்வரை அவன் ஓரிடம், அவள் ஓரிடம். மனுப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நேர்காணலில் அதிகாரி, "உங்கள் மனைவி கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார்?" என்று கேட்டபோது, "அது ஷிஃப்டைப் பொறுத்தது சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருந்தான். அந்தப் பதிலால்தான் இழுக்கிறதோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

அவர்கள் இருந்தது ஆறாவது மாடி. அந்தக் கட்டடத்தின் லிஃப்டில் 'பழுது' என்ற பலகை அவன் வந்த நாளாகத் தொங்குகிறது. கதவில் காதை வைத்துக் கேட்டே என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டான். ஆனால் கை வைக்க முடியாது.

"தொட்டீங்கன்னு வைங்க, வேலை செஞ்சதா ஆயிடும். மனு அம்போ" என்று அவள் விரலை ஆட்டினாள்.

"நம்ம வீட்டுக்குத்தானே? கூலியா வாங்கப் போறேன்?"

"ஆறு மாடிக்கும் சேர்த்துத்தான் அது ஏறி இறங்குது. பேசாம படியில வாங்க, தொப்பை குறையும்."

ஆக, லிஃப்ட் மெக்கானிக் தினமும் மூச்சு வாங்கப் படியேறினான். அந்தப் பலகையைக் கடக்கும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை பசியோடு அழுவதைக் கேட்கிறவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

கதவுக்குப் பின்னால் ஒரு பை தயாராக இருந்தது. இரண்டு சட்டை, டார்ச், ஸ்பேனர் செட், பாஸ்போர்ட். அவசரத்துக்கு என்று ஊரில் வைத்திருந்த வழக்கம். அவள் அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் காலால் ஓரமாகத் தள்ளுவாள். தள்ளுகிற வேகத்தில் எல்லாம் இருக்கும்.

ஊரிலிருந்து போன் வராத நாள் கிடையாது. கேஸ் அடுப்பு பற்ற மறுக்கிறது, அப்பாவின் பல் செட்டைக் காணவில்லை, தங்கை புருஷன் ஏணியில் ஏறிவிட்டு இறங்கப் பயந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி தீர்த்து வைத்தான். "மச்சானை முதல்ல கீழ பார்க்க வேணாம்னு சொல்லு. வலது காலை எடுக்கச் சொல்லு. அது இடது காலு. இன்னொண்ணு!" ஒவ்வொரு தடவையும் முடிவில், "நான் கிளம்பி வரட்டுமா?" என்பான். "வந்தே, காலை உடைச்சிடுவேன்" என்பாள் அம்மா.

அப்புறம் திடீரென்று ஒரு வாரம் ஒன்றுமே வரவில்லை.

முதல் நாள் நிம்மதியாக இருந்தான். இரண்டாம் நாள் போனை எடுத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தான். மூன்றாம் நாள் தானே கூப்பிட்டான்.

"எல்லாரும் ரொம்ப நல்லா இருக்கோம்ணா" என்றாள் தங்கை.

"அடுப்பு?"

"சூப்பரா எரியுதுண்ணா."

"மச்சான்?"

"அவரும்தான்."

அப்பாவிடம் கேட்டான். அவர் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்தவர் போல ஒப்பித்தார்: "வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லைப்பா. நீ உன் வேலையைப் பாரு."

"எனக்கு ஏதுப்பா வேலை? அம்மா எங்க?"

"அம்மா... பக்கத்து வீட்டுல பேசிட்டு இருக்கா."

மழைத் தண்ணீர் யார் பக்கம் ஓட வேண்டும் என்ற தகராறில் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரியும் முகம் பார்த்துப் பேசி வருஷக் கணக்காகிறது. மறுநாளும் அம்மா பக்கத்து வீட்டில் இருந்தாள். அதற்கு மறுநாளும் இருந்தாள்.

"எங்க வீட்டுல என்னமோ நடக்குது" என்றான் மனைவியிடம்.

"என்ன நடக்குது?"

"ஒண்ணுமே நடக்கல. அதான் பயமா இருக்கு."

"உலகத்துல எல்லாரும் பிரச்சினை வந்தா பயப்படுவாங்க" என்று சொல்லிவிட்டு அவள் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு மதிய ஷிஃப்டுக்குப் போனாள். போகும்போது பையை ஒரு தள்ளு தள்ளினாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் அப்பாவைக் கூப்பிட்டான். அப்பா வழக்கமான பாடத்தைத் தொடங்கினார். "வீட்டில் ஒரு பிரச்சினையும்..." அவருக்குப் பின்னால் ஒரு சத்தம். சளி பிடித்த ஆடு கனைக்கிற மாதிரி ஓர் இழுவை, அதன் முடிவில் 'டொக்'.

அவன் எழுந்து நின்றுவிட்டான். உலகத்தில் அப்படிக் கனைக்கும் கதவு ஒன்றுதான் இருக்கிறது. அவன் ஊர் ஆஸ்பத்திரியில், எலும்பு வார்டு இருக்கும் மூன்றாவது மாடியின் லிஃப்ட் கதவு. அதன் ரோலர் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவன் அவன். அவர்கள் காதில் வாங்காத ஆத்திரத்தை வீட்டில் சாப்பாட்டு நேரமெல்லாம் கொட்டித் தீர்த்திருக்கிறான். "அந்தக் கதவு ஒருநாள் ஆளை அடிக்கப் போகுது பாரு!"

"அப்பா, எலும்பு வார்டுல என்ன பண்றீங்க?"



"நீ... நீ எப்படிடா பார்த்த?" என்று கேட்டுவிட்டு அப்பா சுற்றுமுற்றும் பார்த்திருக்க வேண்டும். உடனே லைன் கட்டானது. அதன் பிறகு யாரும் போனை எடுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் தன் பையைத் தூக்கினான். ஆறு மாடியையும் எப்படி இறங்கினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஏர்போர்ட்டுக்கு அங்கிருந்து ஒரே ஒரு பஸ்தான். அது அவளுடைய தடம் என்பது நிறுத்தத்தில் நின்ற பிறகுதான் உறைத்தது. வேறு டிரைவராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். பஸ் வந்து நின்றது, கதவு மடிந்து திறந்தது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவள்.

அவனைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

"எங்க சார் போகணும்?"

"ஏர்போர்ட். அம்மாவோ தங்கச்சியோ, யாருக்கோ எலும்பு முறிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில இருக்காங்க. எங்கிட்ட மறைக்கிறாங்க."

"யாருக்குன்னே தெரியாம கிளம்பிட்டீங்க."

"யாருக்கா இருந்தா என்ன?"

பின்னால் நின்ற இரண்டு பேர் நகரச் சொல்லி முனகினார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள். "கதவை நெம்பக் கூடாதுன்னு எனக்குச் சொன்னது யாரு? இப்ப நெம்புறது யாரு?"

"இது வேற."

"மாட்டிக்கிட்ட எல்லாருமே அதைத்தான் சொல்லியிருப்பாங்க" என்றாள். பிறகு, "டிக்கெட் எடுங்க. உள்ள போங்க. நான் யாரையும் இறக்கிவிட மாட்டேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்ததா, வெயில் அடித்ததா என்று அவனுக்குப் புரியவில்லை.

டிரைவருக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்தான். தலைக்கு மேலே, வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று ஒட்டியிருந்தது. அவள் விதியை மதிக்கிறவள். ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

முதல் நிறுத்தம்: "போனா திரும்பி வர எவ்வளவு நாளாகும்னு யாருக்கும் தெரியாது."

அடுத்த நிறுத்தம்: "போகாதீங்கன்னு நான் சொல்லல."

அதற்கடுத்த நிறுத்தம்: "சொல்லாம இருக்கேன்னு புரிஞ்சுக்கங்க."

எதிர் இருக்கையில் காய்கறிப் பையோடு இருந்த அம்மாளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவன் போனை அழுத்திக்கொண்டே இருந்தான். கடைசியில் தங்கை எடுத்தாள், எடுத்ததும் அழுதாள்.

"அண்ணா, அம்மாதாண்ணா. பரண்ல ஏதோ எடுக்கப் போயி ஸ்டூல் சரிஞ்சு தொடை எலும்பு போச்சு. சர்க்கரை ஏறிக் கிடந்துச்சு, அது இறங்கட்டும்னு ஒரு வாரம் வச்சிருந்தாங்க. இன்னைக்குத்தான் ஆபரேஷன். உன்கிட்ட மூச்சு விட்டா எங்களைத் தொலைச்சிடுவேன்னு அம்மாதான் சொன்னா. நீ கிளம்பி வந்துடுவ, மனு போயிடும்னு."

"இப்ப எங்க? தியேட்டருக்குள்ள போயாச்சா?"

"எங்க போறது? தியேட்டர் அஞ்சாவது மாடியில. அட்மிட் பண்ணப்போ மூணு வரைக்கும் சாய்வுப் பாதையில தள்ளிட்டு வந்துட்டோம். அதுக்கு மேல லிஃப்ட்தான். அம்மா ஏற மாட்டேங்கறா. இவங்க கதவைத் திறக்கறாங்க, அவ ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தறா, கதவு மூடிக்குது. திரும்பத் திறக்கறாங்க. டாக்டர் மேல காத்துக்கிட்டு இருக்காரு. இன்னைக்கு விட்டா வேற நாள் கொடுக்கணும், தள்ளத் தள்ள மோசம்னு சொல்லிட்டாரு."

"ஏன் ஏற மாட்டேங்கறா?"

"ஏனா? நீதானேண்ணா தினம் சோத்துத் தட்டுல உட்கார்ந்து சொன்ன, மூணாவது மாடிக் கதவு ஆளை அடிக்கும்னு!"

அம்மாவின் வாழ்நாளில் அவள் லிஃப்டில் ஏறியதே இல்லை. மகன் லிஃப்ட் மெக்கானிக் என்பதால் ஊரில் எந்த லிஃப்டுக்கு என்ன வியாதி என்று அவளுக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக ஏறி இறங்கினார்கள்.

"போனை அம்மா காதுல வை."

உரசல் சத்தம். பிறகு அம்மா, பலவீனமாக, ஆனால் அதிகாரம் குறையாமல்: "உனக்கு யாருடா சொன்னது? உங்க அப்பாதானே?"

"கதவு சொல்லிச்சு. அம்மா, இப்ப நான் சொல்றதைக் கேளு."

"அது என்னடா பின்னால சத்தம்? பஸ்ஸா? எங்க போற?"

"அவ வண்டியில சும்மா ஒரு ரவுண்டு..."

"பொய் சொல்றதுல உங்க அப்பாவே தேவலை. டேய், நீ மட்டும் பிளேன் ஏறினேன்னு தெரிஞ்சது, நான் ஆபரேஷன் பாதியில எழுந்து வந்துடுவேன்."

"முதல்ல ஆபரேஷனுக்குப் போ, அப்புறம் பாதியில எழுந்திரு."

பஸ் சிக்னலில் நின்றது. முன்னால் அவள் தோள் லேசாகக் குலுங்கியது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆஸ்பத்திரியின் அந்த நீளமான தாழ்வாரம், சுவரில் பாதி வரை அடித்த பச்சை வண்ணம், கதவுக்குக் கீழே தேய்ந்த தண்டவாளம் எல்லாம் கண் முன்னால் வந்தது. பஸ் டிரைவரைத் துணிக்கடைக் கதவுக்கு வெளியே நின்று பிடித்து நிறுத்திய அதே குரலில் பேசினான்.

"அம்மா, அந்தக் கதவு கத்தும். கத்தறது மட்டும்தான் அதோட வேலை. வயசான ரோலர், நம்ம அப்பா எழுந்திருக்கும்போது முட்டி கத்துற மாதிரி. அப்பா என்ன, உன்னை அடிச்சிருக்காரா?"

"அவருக்கு அவ்வளவு தைரியமா?"

"அதேதான். உன்னைத் தூக்கிட்டுப் போறது கதவு இல்ல, மேல இருக்குற கம்பிக் கயிறு. அந்தக் கயிறு நான் போட்டது. இங்க கிளம்பறதுக்கு முன்னாடி நான் செஞ்ச கடைசி வேலை அதுதான்."



"நீ போட்டதா?"

"என் கையால."

"அப்ப அதை முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! கதவு, கதவுன்னு கதவையே சொல்லிக்கிட்டு இருந்தா?" என்று அம்மா சீறினாள். பிறகு, குரல் இறங்கி, "டேய், உள்ள போனா உன் சத்தம் கேட்குமா?" என்றாள்.

"கேட்காது. கதவு மூடினதும் சிக்னல் போயிடும். அதுக்குப் பயப்படாத. மூடினதும் அப்பாவைத் திட்ட ஆரம்பி. எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலைன்னா அந்தத் தொலைஞ்சு போன பல் செட்டுல ஆரம்பி. நீ பாதி திட்டறதுக்குள்ள அஞ்சாவது மாடி வந்துடும்."

"நான் பாதியில நிறுத்த மாட்டேன்."

"தெரியும். தியேட்டர்ல மீதியை வச்சுக்கோ."

கதவு கனைத்தது. சக்கரம் உருண்டது. 'டொக்.' லைன் அறுந்தது.

அவன் செத்த போனைக் காதில் வைத்தபடியே இருந்தான். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. இறங்க யாருமில்லை, ஏறவும் யாருமில்லை. ஆனாலும் அவள் கிளப்பவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கண்ணாடியில் அவனையே பார்த்தாள். பின்னால் யாரோ சலித்துக்கொண்டார்கள். காய்கறி அம்மாள் திரும்பி அவர்களை ஒரு முறை முறைத்தாள்; அமைதியானார்கள்.

போன் அடித்தது. அப்பா.

"ஏறிட்டாடா! அஞ்சாவது மாடி வந்தாச்சு! உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்று மூச்சிரைத்தார். "ஆனா அந்தப் பல் செட்டை ஞாபகப்படுத்துனது எவன்டா?"

பஸ் கிளம்பியது. ஏர்போர்ட் கடைசி நிறுத்தம். எல்லாரும் இறங்கினார்கள். காய்கறி அம்மாள் இறங்கும்போது அவன் தோளில் தட்டிவிட்டுப் போனாள். ஏர்போர்ட்டின் கண்ணாடிக் கதவுகள் அவன் கண்ணெதிரே தாமாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பையின் பிடியை இறுக்கினான். அம்மா தியேட்டருக்குள் இருக்கிறாள். போய் அருகில் நின்றால் நன்றாக இருக்கும். நின்று என்ன செய்வான்? கதவுக்கு வெளியே நின்று பேசுவான். அதைத்தான் இப்போது செய்தான்.

அவள் எஞ்சினை அணைத்துவிட்டுப் பிளாஸ்கைத் திறந்தாள். அங்கே அவளுக்கு நீண்ட இடைவேளை, திரும்பக் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருந்தது. மூடியில் டீயை ஊற்றி நீட்டினாள். டீ ஆறியது. இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கை கூப்பிட்டபோது மனைவி மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தாள். "முடிஞ்சுதுண்ணா. பிளேட் வச்சாச்சு. நல்லபடியா இருக்கா. மயக்கம் தெளிஞ்சதும் முதல் வார்த்தை என்ன சொன்னா தெரியுமா? 'அவன் ஏர்போர்ட்ல இறங்கிட்டானா?'ன்னு."

அவன் பையைக் காலுக்கடியில் தள்ளினான்.

"இறங்கலைன்னு சொல்லு. திரும்பிப் போயிட்டு இருக்கேன்னு சொல்லு."

"சார்" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. "திரும்பற டிக்கெட் எடுக்கணும்."

"புருஷனுக்கு இலவசம் இல்லையா?"

"மனு பாஸாகட்டும், பார்க்கலாம்."

எடுத்தான். வீட்டுக்கு வந்து, பழுதுப் பலகைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பையோடு ஆறு மாடியும் ஏறினான். ஸ்பேனர் செட் அன்றைக்கு ரொம்பக் கனத்தது.

மனுவுக்கு முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் ஒரு நாள் மத்தியானம் அவள் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது போன் அலறிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் தங்கை, பின்னணியில் அம்மா, அதற்கும் பின்னால் ஏதோ உடைகிற சத்தம்.

"அண்ணா, தாங்க முடியல! படுத்த இடத்துல இருந்தே ஊரை ஆளறா. வாக்கரால உன் மச்சானைத் தட்டிட்டா. பக்கத்து வீட்டுக்காரி பார்க்க வந்தா, கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் நின்னு தண்ணிச் சண்டை மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. அடுப்பு எரியல. அப்பா கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்காரு, தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு!"

அவன் முகம் மலர்ந்தது. "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தான். "முதல்ல அப்பாகிட்ட சொல்லு, கதவை நெம்ப வேணாம்னு."

கதவுக்குப் பின்னாலிருந்த பையை அவள் எடுத்தாள். சட்டைகளை உருவித் துவைக்கப் போட்டாள்.